ஏறியவரும் ஏற்றப்பட்டவரும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



நம் நைனார்பாளையம் திருக்கோயில் உத்ஸவ மலருக்கு ஒரு வியாசம் வேண்டுமென்று அன்பர்கள் கேட்டபோது, ஏதேனும் ஒரு திவ்யதேசத்தின் மஹிமையை எழுதித் தருவதாகவே அடியேன் ஒப்புக்கொண்டேன். ஏட்டையும் எழுதுகோலையும் எடுத்து உட்கார்ந்தபோது, ஸ்தலபுராணத்தை எழுத விடாமல் ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றது. மலைமேல் எழுந்தருளியிருக்கும் பெருமாளைக் காலால் நடந்து ஏறிச் சேவிப்பவருக்கு உண்டான பலன், பிறர் சுமக்கவோ இயந்திரம் இழுக்கவோ மேலே சென்று சேவிப்பவருக்கும் உண்டா? ஏறவே இயலாமல் அடிவாரத்தில் அமர்ந்துவிட்டவருக்கு என்ன உண்டு?

இது பொழுதுபோக்காகத் திண்ணையில் பேசத்தக்க கேள்வி போலத் தோன்றும். அடியேனுக்கு அவ்வாறன்று. இக்கேள்விக்கு அடியேன் ஒருமுறை தவறான விடையளித்து, அவ்விடையைப் பெற்ற தாயின்மீதே செலுத்தியிருக்கிறேன். ஆதலின் ஸ்தலபுராணத்தைப் பிறிதொரு மலருக்கு ஒத்திவைத்து, இதையே இங்கு விண்ணப்பிக்கிறேன்.

பட்டணத்தில் ஒரு பகல்

2024-ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், நம் ஊர் அன்பர்கள் இருபது பேருக்குமேல் ஒரு வேனில் யாத்திரை புறப்பட்டோம். ஒரு நாள் சென்னை, மறுநாள் சோளிங்கர் என்பது திட்டம். மலையேறுவதற்கென்று வந்த கிழவர்களும், கடல் பார்ப்பதற்கென்று வந்த சிறுவர்களும் ஒரே வண்டியில் இருந்தோம். "இது யாத்திரையா, சுற்றுலாவா?" என்று ஒருவர் கேட்டார். "பாதி அது, பாதி இது" என்று மற்றொருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அடியேனும் சிரித்தேன்; ஆயினும் மனத்தில் அந்தக் கேள்வி தங்கிவிட்டது.

விடியற்காலையில் திருவல்லிக்கேணி சேர்ந்தோம். குடும்ப ஸஹிதராய், மீசையோடு, வலத்திருக்கையில் சங்கம் ஒன்றையே தாங்கி நிற்கும் வேங்கடகிருஷ்ணனைச் சேவித்தோம். பீஷ்மர் விட்ட அம்பின் வடுக்களைத் திருமுகத்தில் தாங்கிய உத்ஸவர் பார்த்தசாரதியையும் சேவித்தோம். தேரோட்டியாய் முன்னே அமர்ந்து, பின்னே இருந்தவனுக்கு வரவேண்டிய அம்புகளைத் தன் முகத்தில் வாங்கிக்கொண்டவன் அவன். அவ்வடுக்களின் பொருள் அன்று காலை அடியேனுக்கு முழுமையாக விளங்கவில்லை, மறுநாள்தான் விளங்கிற்று.

பிறகு எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கப்பெற்றது. அங்கே செப்புத் திருமேனிகள் வைக்கப்பெற்றிருக்கும் கூடத்தில், வடக்குப்பனையூரிலிருந்து வந்த சோழர்காலத்து இராமபிரான் நிற்கிறான். வில் பிடிக்கும் பாவனையில் ஒரு திருக்கை உயர்ந்திருக்கிறது, வில் இல்லை. அருகில் பிராட்டியும் இளைய பெருமாளும் திருவடியும். திருமஞ்சனம் இல்லை, தளிகை இல்லை, திருவிளக்கு இல்லை; மின்விளக்கும் பெயர்ச்சீட்டும் மட்டுமே உண்டு. நாள்தோறும் பெருமாளுக்குத் திருமஞ்சனம் செய்யும் கை அடியேனுடையது. அக்கை என்ன செய்வதென்று அறியாமல் நின்றது.

எங்களோடு வந்த ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "சாமி, இங்க கும்பிடலாமா? எல்லாரும் செருப்பு போட்டிருக்கோமே?"

ஆகமம் பயின்றவன் சொல்லக்கூடிய விடை ஒன்று உண்டு. பிரதிஷ்டை, ஆவாஹனம், நித்ய பூஜை ஆகிய இவை அற்ற இடத்தில் ஸாந்நித்யத்தைப் பற்றிப் பேசும் விடை அது. அடியேன் அதைச் சொல்லவில்லை. "செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடு, அம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகூப்பினாள். பின்னால் வந்தவர்கள் ஒருகணம் தயங்கி, அவர்களும் கழற்றினார்கள். அதுவரை காட்சிப்பொருளாக இருந்தது அக்கணத்தில் சேவையாயிற்று. பொருள் மாறவில்லை, நின்றவர்களின் நிலை மாறிற்று.

மாலையில் மெரீனாவிலுள்ள கலங்கரை விளக்கத்துக்குச் சென்றோம். சிவப்பும் வெள்ளையுமாய், முக்கோண வடிவில், பதினோரு அடுக்குகளாய் உயர்ந்த இக்கட்டடம் 1977-ஆம் ஆண்டு முதல் கப்பல்களுக்கு ஒளி காட்டி வருகிறது. லிஃப்டில் ஏறி மேலே நின்றோம். கிழக்கே கடல், வடக்கே நீண்ட மணற்பரப்பு, மேற்கே கூரைகளும் மரங்களும். கல்வராயன் மலையைத் தவிர வேறு உயரம் அறியாத நம் பிள்ளைகள் மகிழ்ச்சியில் கூவினார்கள். "சாமி, கீழே இருக்கறவங்க எறும்பு மாதிரி தெரியறாங்க!" என்றான் ஒருவன்.

மெய்தான். அங்கே நின்று நாம் எல்லாவற்றையும் பார்த்தோம். நம்மை எவரும் பார்க்கவில்லை. உயர்ந்து நின்று பார்ப்பவனுக்குக் கீழே உள்ளவர் சிறுத்துப்போகின்றனர். காட்சி காண்பதில் குற்றமொன்றும் இல்லை. இக்கடலும் வானும் எம்பெருமானுடைய லீலாவிபூதியே; பிள்ளைகள் அதைக் கண்டு களிப்பதை அவன் வெறுப்பானென்று அடியேன் நினைக்கவில்லை. ஆயினும் இந்த உயரம் ஒரு வகை, நாளை ஏறப்போகும் உயரம் வேறு வகை என்று மட்டும் அப்போது தோன்றியது. வேறுபாடு யாதென்று சொல்லத் தெரியவில்லை.

கடிகாசலம்

சோளிங்கர் என்று இன்று வழங்கும் ஊர், ஆழ்வார்களின் மங்களாசாஸனம் பெற்ற திருக்கடிகை. நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்று. பெரிய மலையில் யோக நரஸிம்ஹன், அமிர்தவல்லித் தாயார். சிறிய மலையில் சங்கும் சக்கரமும் தாங்கிய யோக ஆஞ்சநேயர். பெரிய மலைக்கு 1305 படிகள். சிறிய மலைக்கு 406. கடிகை என்றால் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிஷம். இம்மலையில் ஒரு நாழிகைப்போது தங்கினாலே பிறவிப்பிணி தீரும் என்பது பெரியோர் வாக்கு. யோகத்தில் அமர்ந்த பெருமாள் கார்த்திகை மாதத்தில் திருக்கண் மலர்ந்து நோக்குகிறான் என்பதும் இத்தலத்து நம்பிக்கை. அதனாலேயே கார்த்திகையில் அங்கே கூட்டம் அலைமோதுகிறது.

முன்னாளில் ஏற இயலாதவர்கள் டோலியில் அமர்ந்து, சுமப்பவர்களின் தோள்மீது மலையேறினார்கள். 2024 மார்ச் மாதம் அங்கே ரோப்கார் தொடங்கி வைக்கப்பெற்றது. கம்பியில் தொங்கும் பெட்டியில் அமர்ந்தால் சில நிமிஷங்களில் மேலே சேர்த்துவிடுகிறது.

எங்களில் இளைஞர்கள் படியேறினார்கள். முதியவர்கள் ரோப்காரில் சென்றார்கள். மேலே எல்லோரும் சேர்ந்தபோது, வேர்வை சொட்ட நின்ற ஓர் இளைஞன் எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டியைப் பார்த்து, "பாட்டி, நீங்க பறந்து வந்துட்டீங்க. படியேறின எங்களுக்குத்தான் புண்ணியம்" என்று விளையாட்டாகச் சொன்னான். கெட்ட பிள்ளை அல்லன். கீழே இறங்கும்போது அப்பாட்டியின் பையைச் சுமந்து வந்தவனும் அவனே. ஆனால் அச்சொல் கேட்டு அவள் முகம் சுருங்கியது. அடியேனிடம் திரும்பி, "மெய்தானா சாமி?" என்று கேட்டாள்.

அடியேனால் உடனே விடை சொல்ல முடியவில்லை. ஏனெனில் அந்த இளைஞன் சொன்ன சொல், இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் அதே மலையின் அடிவாரத்தில் அடியேன் சொன்ன சொல். நான் விளையாட்டாகவும் சொல்லவில்லை.

ஒரு மகனின் குற்றம்

1998-ஆம் ஆண்டு கார்த்திகை. பாடசாலையில் அத்யயனத்தை முடித்துத் திருக்கோயில் கைங்கர்யத்தில் அமர்ந்த புதிது. அடியேன் படிப்பு முடிந்து ஒரு ஸந்நிதியில் நிலைபெற்றால் யோக நரஸிம்ஹனைச் சேவிப்பதாக அம்மா பிரார்த்தனை செய்துகொண்டிருந்தாள். கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, வேலூர் என்று பஸ் மாறி மாறிச் சோளிங்கர் சேர்ந்தோம். அவளுக்கு அப்போது அறுபத்துநான்கு வயது, முழங்காலில் வாதம்.

அடிவாரத்தில் டோலிக்காரர்கள் வந்து நின்றார்கள். அவர்களில் மூத்தவர், "வயசான தாயி, சாமி. பேரம் வேணாம். குடுக்கறதைக் குடுங்க" என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தாள். கூலி என் மடியில் இருந்தது. பணமில்லாமையால் மறுத்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லை.

அடியேன் இரண்டு நியாயங்கள் சொன்னேன். பிரார்த்தனை என்பது சரீர சிரமத்தோடு செய்தால்தான் பலிக்கும் என்பது ஒன்று. மனிதன் தோளில் மனிதன் ஏறிச் செல்வது தகாது என்பது மற்றொன்று. அந்த மூத்தவர் சிறிது நேரம் நின்றார். பிறகு, "பெருமாளை நீங்க தோள்ல தூக்கறீங்க, அம்மாவை நாங்க தூக்கறோம். தூக்கறதுல என்ன சாமி தப்பு?" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அது அதிகப்பிரசங்கம் என்று அன்று எனக்குத் தோன்றியது.

அம்மா ஏறினாள். இருநூறு படிகள் இருக்கும். ஒரு மண்டபத்தில் தூணைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நீ போய்ச் சேவிச்சுட்டு வாடாப்பா. நான் இங்கேயே இருக்கேன்" என்றாள். அடியேன் ஏறினேன், சேவித்தேன், தீர்த்தமும் திருத்துழாயும் பெற்று இறங்கினேன். தீர்த்தத்தை வாங்கிக்கொண்டு அவள் கேட்டது ஒன்றே.

"ஏண்டாப்பா, பெருமாள் கண்ணைத் திறந்துண்டிருந்தாரோ?"

"ஆமாம்மா."

"அப்போ என்னையும் பார்த்திருப்பார்."

அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஊர் திரும்பினோம். பின்னர் கார்த்திகை பிறக்கும்போதெல்லாம், "இந்த வருஷம் ஒரு தடவை போகலாமா?" என்று கேட்பாள். உத்ஸவம், கைங்கர்யம், மழை என்று ஏதேனும் ஒரு காரணம் என்னிடம் இருந்தது. 2005-இல் அவள் ஆசாரியன் திருவடியை அடைந்தாள். அந்த 1305 படிகளில் அவள் கண்டது இருநூறு மட்டுமே.

பூர்வபக்ஷம்

சாஸ்திர விசாரத்தில் எதிர்த்தரப்பை அதன் முழு வலிமையோடு முதலில் நிறுத்துவது முறை. ஆதலின் அன்று அடியேன் சொன்ன நியாயங்களை இழித்துப் பேசாமல் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் நியாயம்: சிரமமே பலனுக்குக் காரணம். எம்பெருமானார் திருமலையை முழந்தாளிட்டே ஏறினார் என்று குருபரம்பரை கூறுகிறது. அலிபிரிப் பாதையில் அவ்விடத்தை முழங்கால் பெயரிட்டே இன்றும் வழங்குகின்றனர். உடையவரே அவ்வாறு ஏறியிருக்க, நாம் பெட்டியில் அமர்ந்து போவதா?

இதற்கு ஸமாதானம். அவர் ஏன் முழந்தாளிட்டார் என்று பார்க்கவேண்டும். திருமலை ஆதிசேஷனின் திருமேனி. அதைக் காலால் மிதிக்க அஞ்சி அவர் அடிவாரத்திலேயே நின்றுவிட்டார். தேவரீர் ஏறாவிடில் பிறரும் ஏறார். மேலே கைங்கர்யம் நின்றுபோம் என்று பெரியோர் விண்ணப்பித்த பிறகே ஏற இசைந்தார். முழந்தாளிட்டது பாதம் படலாகாது என்ற பக்தியால், ஏறியது பிறர்பொருட்டு. சிரமத்தை விலையாகக் கொடுத்துப் பலனை வாங்கலாம் என்ற எண்ணம் அதில் எங்கும் இல்லை. சிரமம்தான் பலனைத் தருமென்றால் மூட்டை சுமந்து நாள்தோறும் ஏறி இறங்கும் கூலியாளே முதல் முக்தன் ஆகவேண்டும். அவனை அவ்வாறு எவரும் எண்ணுவதில்லை. திருமலைக்கு 1944-இல் மோட்டார் பாதை திறக்கப்பெற்றது. 1974-இல் இரண்டாவது பாதை. இன்று பஸ்ஸில் செல்பவர் எண்ணிறந்தவர். அவர்கள் பலனை இழந்துவிட்டார்கள் என்று எந்த ஆசாரியரும் அருளிச்செய்ததாக அடியேன் கேட்டதில்லை.

நம் ஸம்பிரதாயத்தில் குரங்குக்குட்டி நியாயம், பூனைக்குட்டி நியாயம் என இரண்டு உண்டு. குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்கிறது. இவ்விரண்டைப் பற்றிப் பெரியோர் விரிவாக வாதித்திருக்கின்றனர். அவ்வாதத்துள் புக அடியேனுக்கு யோக்யதை இல்லை. ஒன்று மட்டும் விண்ணப்பிக்கலாம். பற்றிக்கொள்ளும் குட்டியும் தாயின் கால்களாலேயே கிளை தாவுகிறது. பிடிதான் அதனுடையது, தாண்டுதல் தாயினுடையது. மலைப்படியிலும் அப்படியே. 1305 படிகளை நாம் ஏறினோம் என்கிறோம். ஒவ்வொரு படியையும் எவனோ ஒரு கல்தச்சன் வெட்டினான், எவனோ சுமந்து வந்து பதித்தான். நடப்பவனும் முன்னோர் தோளின்மீதே நடக்கிறான். ஏறியவர், ஏற்றப்பட்டவர் என்று இரண்டு வகை இல்லை. ஏற்றப்பட்டதை அறிந்தவர், அறியாதவர் என்ற இரண்டு வகையே உண்டு.

இரண்டாம் நியாயம்: மனிதன் தோளில் மனிதன் ஏறலாகாது. இது எளிதில் தள்ளத்தக்க நியாயம் அன்று. ஒருவனுடைய வறுமை அவன் தோளை மற்றவனுக்கு வாகனமாக்குமானால், அதில் வெட்கப்பட வேண்டியது உண்டு. உடல் வலிமையுள்ளவன் சோம்பலாலும் செருக்காலும் அவ்வாறு ஏறுவது பிழையே. ஆனால் அன்று என்னெதிரே இருந்தது செருக்கு அன்று, வீங்கிய முழங்கால். தோளின்மீது இவ்வளவு இரக்கம் இருந்திருந்தால் அவர்களுடைய அன்றைய கூலியையாவது கொடுத்துவிட்டுப் போயிருப்பேன், கொடுக்கவில்லை. மனிதத்தோளில் ஏறுவது தகாதென்றால் மகனாகிய நானே அவளைச் சுமந்திருக்கலாம். முப்பது வயதுகூட நிரம்பாத வலிய உடம்பு. அதுவும் செய்யவில்லை. ஆகையால் நான் சொன்னது மெய்யான நியாயமாக இருந்தும், நான் சொல்லும்போது அது நியாயமாக இல்லை. என் கல்விக்குக் குடை பிடிக்கவே அதைச் சொன்னேன்.

கூலிக்குச் சுமந்த அந்த மூத்தவர் சொன்னதே ஸித்தாந்தம். கருட ஸேவையன்று ஸ்ரீபாதந்தாங்கிகள் எம்பெருமானைத் தோளில் ஏற்றிக்கொள்கிறார்கள். சுமையென்று அவர்கள் நினைப்பதில்லை. சுமக்கப்படுவது இழிவென்று அவனும் நினைப்பதில்லை. பார்த்தனுக்குத் தேரோட்டிய அவன் திருமுகத்து வடுக்களுக்கும் இதுவே பொருள். சுமப்பதும் சுமக்கப்படுவதும் அன்பின் இரண்டு பக்கங்கள். நம் கல்வராயன் மலையிலும், பாதை சரியில்லாத சிற்றூர்களில் நோயாளியைத் தூளி கட்டித் தோளில் இறக்கிய காலங்களை இவ்வட்டாரத்தார் அறிவர். அங்கே எவரும், "நடந்து வந்தால்தானே வைத்தியம் பலிக்கும்" என்று சொன்னதில்லை.

காண்பதும் காணப்படுவதும்

கலங்கரை விளக்கத்தில் தோன்றிய வேறுபாடு சோளிங்கர் மலைமேல்தான் அடியேனுக்குத் தெளிந்தது. பட்டணத்துக் காட்சியில் காண்பவர் நாம், காணப்படுவது உலகம். அங்கே நம் கண்ணுக்கு எட்ட நம் உயரம் வேண்டும். மலைமேல் பெருமாளிடம் செல்வது நாம் காண்பதற்கு மட்டும் அன்று, அவனால் காணப்படுவதற்கு. அங்கே செயல்படுவது அவனுடைய கண். அக்கண் எட்டும் தூரத்தை நம் கால்களின் வலிமை எவ்வாறு அளக்கும்? "என்னையும் பார்த்திருப்பார்" என்று எழுத்தறியாத என் தாய் சொன்னதை, பாடசாலையில் பல ஆண்டு பயின்ற நான் உணர்ந்துகொள்ள இருபத்தாறு ஆண்டுகள் ஆயின.

இதற்கு அம்மலையிலேயே ஸாக்ஷி உண்டு. கடலைத் தாவிய ஆஞ்சநேயருக்குப் பெரிய மலை ஒரு தாவு தூரமும் அன்று. ஆயினும் அவர் சிறிய மலையிலேயே அமர்ந்து, எதிரே தெரியும் பெருமாளின் திருவடிகளில் பார்வையைப் பதித்திருப்பதாகச் சொல்வர்.

அவ்வூரிலேயே மற்றொரு ஸாக்ஷியும் உண்டு. சோளிங்கரில் வாழ்ந்த தொட்டாசாரியார் ஆண்டுதோறும் வைகாசிக் கருட ஸேவைக்குக் காஞ்சிபுரம் சென்று தேவப்பெருமாளைச் சேவிக்கும் நியமம் பூண்டவர். ஓராண்டு நோயினால் செல்ல முடியவில்லை. தக்கான் குளக்கரையில் நின்று, இந்நேரம் பெருமாள் கோபுரவாசலில் எழுந்தருளியிருப்பானே என்று எண்ணி உருகினார். அக்கணத்தில் வரதன் கருடாரூடனாய் அங்கேயே அவருக்கு ஸேவை ஸாதித்தான் என்பது வரலாறு. இன்றும் காஞ்சியில் கருட ஸேவையன்று கோபுரவாசலில் குடைகளால் பெருமாளை ஒருகணம் மறைத்து ஆரத்தி எடுக்கின்றனர். அந்த ஒருகணம் அவன் சோளிங்கருக்குப் போய் வருகிறான். அதற்குத் தொட்டாசாரியார் ஸேவை என்றே பெயர். அத்தனை ஆயிரம் பேர் காத்து நிற்க, வர முடியாத ஒருவருக்காக அவன் மறைந்து போகிறான். வந்தவர்களுக்குக் குடை, வராதவருக்கு ஸேவை!

மறுப்பும் மருந்தும்

இவ்வளவும் சொன்னபின் ஓர் ஆபத்து இருக்கிறது. "ஏற இயலாதவரைப் பெருமாளே வந்து பார்த்துக்கொள்வான்" என்று சொல்லி, ஏற்ற வேண்டியவன் தப்பித்துக்கொள்ளலாம். என் தாயின் சொல்லைப் பிடித்துக்கொண்டு நானும் சில காலம் அவ்வாறு தப்பித்தேன். அவர்தாம் அவளைப் பார்த்துவிட்டாரே, இனி எனக்கென்ன குறை என்று ஆறுதலும் சொல்லிக்கொண்டேன். அது தவறு. அவள் வாயில் அச்சொல் பக்தி. என் வாயில் அதே சொல் சாக்கு. தொட்டாசாரியாருக்கு வரதன் எழுந்தருளினான் என்பது வரதனின் தயைக்குப் பிரமாணம். அவரை அழைத்துச் செல்லாத எவனுக்கும் அது மன்னிப்புச் சீட்டு அன்று.

நியமம் தனக்கு, தயை பிறர்க்கு என்று வைத்துக்கொள்வதே இதற்கு மருந்து. கடுமையை ஒருவன் தன்மீது சுமத்திக்கொள்ளலாம், முழந்தாளிட்டும் ஏறலாம். அதே கடுமையைப் பிறர்மீது சுமத்தும்போது அது தர்மத்தின் வேடம் பூண்ட கொடுமையாகிவிடுகிறது. நாம் பெரும்பாலும் இதை மாற்றிச் செய்கிறோம். நமக்குச் சலுகை தேடுகிறோம். வயதானவர்களுக்கு விதி சொல்கிறோம்.

இதற்கு அனந்தாழ்வானைவிடச் சிறந்த உதாரணம் அடியேன் அறியேன். அவர் திருமலையில் புஷ்ப கைங்கர்யம் செய்தவர். ஒருமுறை பயணம் புறப்பட்டுக் கட்டுச்சோற்று மூட்டையோடு மலையிறங்கி வந்து, வழியில் அவிழ்த்துப் பார்த்தபோது அதில் எறும்புகள் ஊர்ந்தன. திருமலையில் ஏதேனும் ஒன்றாய்ப் பிறக்க வேண்டுமென்று குலசேகராழ்வார் ஆசைப்பட்டார் அல்லவா? அவ்வாறு ஆசைப்பட்டு அங்கே பிறந்த மஹான்களோ இவை என்று நடுங்கினார். மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்ப மலையேறி, எறும்புகளைத் திருமலையிலேயே விட்டுவிட்டு வந்தார் என்பது ஐதிஹ்யம்.

கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்றவனுக்கு மனிதர் எறும்பாகத் தெரிந்தனர். அனந்தாழ்வானுக்கு எறும்பு ஆழ்வாராகத் தெரிந்தது. உயரம் இரண்டு வகை என்று அடியேன் முன்னே சொன்னதன் பொருள் இதுவே. பிறரைச் சிறிதாகக் காட்டும் உயரம் ஒன்று. சிறியதையும் பெரிதாகக் காட்டும் உயரம் மற்றொன்று. முன்னதற்கு லிஃப்ட் போதும். பின்னதற்குப் படிகளும் போதா, ரோப்காரும் போதாது. அனந்தாழ்வான் இரண்டாம் முறை ஏறியது பிரார்த்தனைக்காக அன்று, தன் பலனுக்காகவும் அன்று. ஏற இயலாத எறும்புக்காக ஏறினார்.

மலைமேல் அன்று அந்தப் பாட்டி கேட்ட கேள்விக்கு அடியேன் சொன்ன விடை சிறிது. "பாட்டி, படியேறினவரும் பெருமாளைப் பார்த்தார், பெட்டியில் வந்தவரும் பார்த்தார். அவர் உங்களைப் பார்க்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அவர் கண் இப்போது திறந்திருக்கிறது" என்றேன். அவள் கைகூப்பினாள். அந்த இளைஞன் தலைகுனிந்து, "தெரியாம சொல்லிட்டேன் பாட்டி" என்றான். அவன் கேட்டுவிட்டான். அடியேன் கேட்கவேண்டிய மன்னிப்பை ஏற்க எதிரே ஒருவரும் இல்லை.

நம் ஊர்க்குச் சில வார்த்தைகள்

உத்ஸவம் தொடங்கவிருக்கிறது. பெருமாள் ஏன் வீதிக்கு எழுந்தருளுகிறான்? ஸந்நிதிக்கு வர இயலாதவர் வாசலுக்குத் தானே செல்வதற்காக. நோயாளி, முதியோர், படுக்கையில் கிடப்போர் எந்த வீட்டில் இருந்தாலும், அவ்வாசலில் புறப்பாடு ஒரு நாழிகை நிற்காவிட்டாலும் ஒரு நிமிஷமாவது நிற்கட்டும். நேரமாகிறது என்று எவரும் அவசரப்படுத்த வேண்டா. கட்டிலை வாசலுக்குத் தூக்கிவர இரண்டு இளைஞர்கள் முன்வரட்டும். அவர்களும் அன்று ஸ்ரீபாதந்தாங்கிகளே.

உங்கள் வீட்டில் ஒரு தாயோ தந்தையோ, "இந்த வருஷம் ஒரு தடவை போகலாமா?" என்று கேட்டால், பலாபலன் ஆராயாதீர்கள். வண்டியோ ரோப்காரோ தோளோ, கிடைத்ததில் ஏற்றி அழைத்துச் செல்லுங்கள். சென்னைக் கடற்கரையைப் பார்க்க வேண்டுமென்று அவர்கள் ஆசைப்பட்டால் அதையும் காட்டுங்கள். அந்த ஆசையும் அவன் கொடுத்ததே. சாஸ்திரம் பிறகு வாசித்துக்கொள்ளலாம். கார்த்திகை ஆண்டுதோறும் வரும். கேட்பவர் ஆண்டுதோறும் இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

யோக நரஸிம்ஹன் திருக்கண் மலர்ந்து இவ்வூரையும் நோக்கி, நம் பிழைகளைப் பொறுத்தருள்வானாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

அடியேன்,
நைனார்பாளையம் திருக்கோயில் அர்ச்சகன்